டர்போ மாற்றியும் நீலப் புகை: எண்ணெய் வெளியேறும் வழியைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்கிறேன். ஹொண்டா சிவிக் ஈ.கே, 1.6 லீற்றர் டி16 எஞ்சின். கம்பனியில் டர்போ இல்லாமல் வந்த அந்த எஞ்சினுக்கு மிட்சுபிஷி டி.டி.04 வகைப் பழைய டர்போ ஒன்றைப் பொருத்தி, சுமார் 7 பி.எஸ்.ஐ பூஸ்டில், அதாவது டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் அழுத்தத்தில், ஓட்டுகிறீர்கள். உப்புவெளியிலிருந்து திருகோணமலை நகருக்கு வந்து, அனுராதபுரச் சந்தியில் சிறிது நேரம் நின்று புறப்பட்டால் பின்னால் வருபவர் மறைந்துபோகும் அளவுக்கு நீலப் புகை. ஓடத் தொடங்கிய பின் குறைந்துவிடுகிறது. டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றினால் உள்ளே எண்ணெய். முதல் டர்போவின் சீல் போய்விட்டது என்று மாற்றினீர்கள். இரண்டாவதும் சில வாரங்களில் அதே நிலைக்கு வந்துவிட்டது. இப்போது மூன்றாவது டர்போ வாங்கச் சொல்கிறார்கள்.

வாங்காதீர்கள். இரண்டு வெவ்வேறு டர்போக்கள் ஒரே வண்டியில் ஒரே விதமாகப் புகைத்திருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவாக இருந்தவை எண்ணெய் உள்ளே வரும் குழாய், வெளியேறும் குழாய், எஞ்சினின் மூச்சு வழி ஆகிய மூன்றும்தான். நீங்கள் எழுதியதில் இரண்டு விவரங்கள் என் கண்ணில் பட்டன. எண்ணெய் திரும்பும் குழாயாக ரேடியேற்றருக்குப் போடும் தண்ணீர் ஹோஸைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அது வளைந்து தொங்கி, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் போய்ச் சேருகிறது. வால்வு கவரின் மூச்சுக் குழாயை, எண்ணெய் தெறிக்கிறது என்று போல்ட் ஒன்றால் அடைத்துவிட்டிருக்கிறீர்கள். இவை இரண்டும் இருக்கும் வரை எந்த டர்போவைப் பொருத்தினாலும் புகைக்கத்தான் செய்யும்.

காரணம் புரிய வேண்டுமானால் டர்போவின் உள்ளே எண்ணெய் எப்படி அடைத்துவைக்கப்படுகிறது என்று தெரிய வேண்டும். ஒரே தண்டின் ஒரு முனையில் புகைவாயு சுழற்றும் டர்பைன் சக்கரம், மறு முனையில் காற்றைத் தள்ளும் கம்ப்ரசர்ச் சக்கரம், நடுவில் பேரிங். கிராங்க் தண்டின் முனையில் இருப்பதுபோல ரப்பர் சீல் அங்கே இல்லை. நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும், ஒரு பக்கம் செந்தணலாகக் காயும் தண்டில் ரப்பர் தாங்காது. இரு முனைகளிலும் பிஸ்டன் ரிங் போன்ற சிறிய உலோக வளையங்கள், அவற்றின் காடியில் மெல்லிய இடைவெளியோடு உட்கார்ந்திருக்கின்றன. அவற்றின் முதல் வேலை காற்றையும் புகைவாயுவையும் தடுப்பது. எண்ணெயைத் தடுப்பது பெரும்பாலும் அழுத்த வேறுபாடுதான். கம்ப்ரசர்ச் சக்கரத்தின் பின்புறத்திலும் டர்பைன் பக்கத்திலும் அழுத்தம் கூடுதலாகவும், நடுவில் பேரிங் இருக்கும் பகுதியில் குறைவாகவும் இருந்தால் எண்ணெய் உள்ளேயே நிற்கும். நடுப்பகுதியில் எண்ணெய் தேங்கினாலோ அங்கே அழுத்தம் ஏறினாலோ அது வளையத்தைத் தாண்டி இரு பக்கமும் வழியும். புத்தம் புதிய டர்போவும் வழியும்.

உள்ளே வரும் எண்ணெய் பம்பின் அழுத்தத்தோடு, ஒரு பென்சிலை விட மெல்லிய குழாயில் வருகிறது. பேரிங்குகளைக் கடந்த பிறகு அந்த அழுத்தம் எதுவும் மிஞ்சுவதில்லை. காற்றோடு அடிபட்டு நுரையாகி, தன் எடையால் மட்டுமே கீழே விழ வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் முற்றத்துக் கான் அடைபட்டால் கூரைத் தண்ணீர் வீட்டுக்குள் வருவதுபோலத்தான் இதுவும். கூரையைப் பிரித்து மேய்வதால் பயன் இல்லை. ஆகவேதான் திரும்பும் குழாய் வரும் குழாயை விடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். உட்புற விட்டம் குறைந்தது 12.7 மில்லிமீற்றர் என்பது டர்போ தயாரிப்பாளர்கள் சொல்லும் கீழ் எல்லை. நான் 16 முதல் 19 வரை போடச் சொல்வேன். இடம் இருந்தால் பெரிதாகப் போடுவதால் கெடுதல் ஒன்றும் வராது.

ஆனால் குழாயை மாற்றுவதற்கு முன், புகைப்பது டர்போதானா என்று உறுதிப்படுத்துங்கள். நீலப் புகைக்கு வேறு வழிகளும் உண்டு. காலையில் முதல் தடவை இயக்கும்போது ஒரு குப்பென்று வந்து மறைந்தால் வால்வு தண்டின் ரப்பர் சீல்களைச் சந்தேகிக்கலாம். உவர்மலையிலிருந்து கியரில் இறங்கும்போது, அக்ஸிலறேற்றரிலிருந்து காலை எடுத்த நிலையில் புகைத்துவிட்டு, மீண்டும் மிதித்ததும் பெரிதாக வந்தாலும் அதே சந்தேகம்தான். உள்ளெடுக்கும் பக்கத்து வெற்றிடம் வால்வு வழியாக எண்ணெயை இழுக்கிறது. மிதிக்க மிதிக்கப் புகை கூடிக்கொண்டே போனால் பிஸ்டன் ரிங். நின்று கொண்டிருந்துவிட்டுப் புறப்படும்போது மேகமாக வந்து, சுமை ஏறியதும் தெளிந்தால் டர்போவில் எண்ணெய் தேங்குகிறது என்ற சந்தேகம் வலுக்கும். நிற்கும்போது டர்பைன் பக்கத்து அழுத்தம் குறைவு. எண்ணெய் எளிதாக வெளியே கசிகிறது. சுமை ஏறியதும் அந்த அழுத்தம் அதைத் திரும்ப உள்ளே தள்ளி நிறுத்துகிறது. உங்கள் வண்டி இந்த வகை. என்றாலும் வால்வு சீலும் கிட்டத்தட்ட இதே வேஷத்தில் வரக்கூடும் என்பதால் புகையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தீர்ப்புச் சொல்லக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வண்டியை இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு நிறுத்தி, ஆறிய பிறகு டர்போவை எக்ஸோஸ்ட் மனிஃபோல்டிலிருந்து கழற்றுங்கள். டோர்ச் அடித்து மனிஃபோல்டின் நான்கு வாய்களையும், ஹெட்டின் புகை வாய்களையும் பாருங்கள். அவை சாம்பல் நிறத்தில் காய்ந்திருந்து, டர்பைன் சக்கரத்தின் பின்புறமும் வெளியேறும் குழாயும் ஈரமாக இருந்தால் எண்ணெய் டர்போவிலிருந்து வருகிறது. வாய்களில் ஒன்றோ இரண்டோ ஈரமாகக் கறுத்திருந்தால் எண்ணெய் எஞ்சினிலிருந்து வருகிறது. டர்போ அதை வாங்கிக் கடத்துகிறது, அவ்வளவே. அரை நாள் வேலைதான். இதைச் செய்யாமல் டர்போ மாற்றச் சொல்பவர் ஊகத்தில் சொல்கிறார். புகை வெள்ளையாக இருந்து இனிப்பு மணம் அடித்தால் அது கூலன்ட். ஹெட் கஸ்கட்டைப் பார்க்க வேண்டும்.

அது டர்போதான் என்று தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். கழற்றிய நிலையில் தண்டை ஆட்டிப் பார்ப்பார்கள். மேலும் கீழும் ஆடுகிறதே, போய்விட்டது என்பார்கள். உங்களுடையதுபோன்ற புஷ் பேரிங் டர்போவில் எண்ணெய் இல்லாத நிலையில் பக்கவாட்டில் ஓரளவு ஆட்டம் இருப்பது இயல்பு. தண்டு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்வதற்காகவே அந்த இடைவெளி விடப்பட்டிருக்கிறது. ஆட்டும்போது சக்கரம் கூட்டின் சுவரில் தொடுகிறதா என்பதுதான் கேள்வி. தண்டு முன்னும் பின்னும் நகரும் ஆட்டம் வேறு. அது விரலுக்குத் தெரியவே கூடாது. டயல் கேஜ் வைத்து அளந்தால் 0.1 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. தாண்டினால், அந்த நகர்வைத் தடுக்கும் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துவிட்டது.

முதலில் கழற்றிய டர்போவை எறிந்துவிட்டீர்களா? இருந்தால் பிரித்துப் பாருங்கள், அது பேசும். தண்டு நீலமாகக் கருகி, புஷ் உருகி ஒட்டியிருந்தால் எண்ணெய் போதாமல் செத்தது. வட்ட வட்டமாகக் கோடுகள் கீறியிருந்தால் எண்ணெயில் அழுக்கோ உலோகத் துகளோ வந்திருக்கிறது. கறுத்த கரி அப்பியிருந்தால் சூட்டில் எண்ணெய் வெந்திருக்கிறது. தண்டு கண்ணாடிபோலப் பளபளவென்று இருந்து, சுற்றிலும் எண்ணெய் நனைந்திருந்தால் அந்த டர்போவுக்கு நோயே இல்லை. தேங்கிய எண்ணெய்க்குப் போக இடம் இல்லாமல் வழிந்திருக்கிறது. உங்களுடையது இந்தக் கடைசி வகையாக இருக்கும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். அப்படியானால் அதைச் சுத்தம் செய்து மறுபடி போடலாம்.

இப்போது திரும்பும் குழாய். டர்போவின் அடி வாயிலிருந்து சம்ப் வரை தொடர்ந்து கீழ்நோக்கியே போக வேண்டும். எங்கேயும் தொங்கி மீண்டும் ஏறக் கூடாது. அப்படித் தொங்கும் இடத்தில் எண்ணெய் நிரந்தரமாக நிற்கும். டர்போவின் அடி வாய் செங்குத்திலிருந்து 35 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கக் கூடாது. குழாயையும் அந்த அளவுக்குள் இறக்கப் பாருங்கள். சம்ப்பில் நுழையும் இடம் எண்ணெய் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். நம் ஊர் வெல்டிங் கடைகளில் சம்ப்புக்கு மூக்கு வைக்கும்போது வசதியான இடத்தில், பெரும்பாலும் தாழ்வாக வைத்துவிடுகிறார்கள். எண்ணெய் குச்சியில் மேல் கோடு வரை நிரப்பினால் அந்த மட்டம் சம்ப்பின் வெளிப்புறத்தில் எங்கே வருகிறது என்று அளந்து குறியுங்கள். மூக்கின் அடி விளிம்பு அந்தக் குறிக்கு மேலே இல்லையென்றால் வெட்டி எடுத்து மேலே வைக்க வேண்டியதுதான்; வேறு மருந்து இல்லை. டி16 எஞ்சினில் எக்ஸோஸ்ட் முன்பக்கம் ரேடியேற்றரைப் பார்த்து இருப்பதால் குழாயை நேராக இறக்க இடம் கிடைக்கும். இது உங்களுக்கு அனுகூலம்.

தண்ணீர் ஹோஸை இன்றைக்கே கழற்றுங்கள். தண்ணீருக்கான ரப்பர் சூடான எண்ணெயில் ஊறி உப்பும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள் சுவர் வீங்கி வழி பாதியாகியிருக்கும். கத்தியால் நீளவாக்கில் அறுத்துப் பாருங்கள். எண்ணெய்க்கென்றே செய்த ஹோஸ், அல்லது மேல் பாதி இரும்புக் குழாயும் கீழே சிறு துண்டு எண்ணெய் ஹோஸும் போடுங்கள். டர்போவின் அடிப் பட்டையில் கஸ்கட்டுக்குப் பதிலாகச் சிலிக்கன் பூசியிருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். உள்ளே பிதுங்கிய சிலிக்கன் காய்ந்து திரை போலத் தொங்கி வாயில் பாதியை மூடியிருப்பதை அடிக்கடி காண்கிறேன். கடற்காற்று விழும் ஊர் என்பதால் கிளிப்புகளைத் துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள்.

குழாய்தான் குற்றவாளியா என்று வெல்டிங்குக்கு முன்பே உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. சம்ப்பின் மூக்கை இறுக அடைத்துவிட்டு, டர்போவின் அடி வாயிலிருந்து அகலமான ஹோஸ் ஒன்றை நேரே கீழே ஒரு சுத்தமான கலனுக்குள் விடுங்கள். எஞ்சினை நின்ற நிலையில் மட்டும் சில நிமிடம் ஓடவிடுங்கள். வெளியே வரும் எண்ணெய் சம்ப்பிலிருந்து குறைகிறது என்பதை மறவாமல் குச்சியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஒருவர் சாவியருகில் நிற்க வேண்டும். தீயணைக்கும் கருவி கையெட்டும் தூரத்தில் வேண்டும், ஏனெனில் பக்கத்திலேயே சூடான மனிஃபோல்ட் இருக்கிறது. ஏற்கனவே எக்ஸோஸ்டில் தேங்கிய எண்ணெய் எரிந்து தீரும் வரை கொஞ்சம் புகை வரும். அதற்குப் பிறகு, நின்ற நிலையிலேயே புகை மெல்ல மெல்ல அடங்கினால் விடை கிடைத்துவிட்டது.

அடுத்தது மூச்சு வழி. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் கீழே, கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க் கேஸுக்கு இறங்கும். டர்போ போட்ட எஞ்சினில் அது இன்னும் கூடுதல். கம்பனி அமைப்பில், நின்ற நிலையிலும் மெதுவான ஓட்டத்திலும் பி.சி.வி வால்வு வழியாக இன்டேக் மனிஃபோல்ட் அந்த வாயுவை உறிஞ்சும்; வால்வு கவரின் குழாய் வழியாக நல்ல காற்று உள்ளே வரும். முழுச் சுமையில் மனிஃபோல்டின் உறிஞ்சல் இல்லாமல் போவதால், வாயு அதே கவர்க் குழாய் வழியாகத் திரும்பி வெளியேறும். இந்தக் கவர்க் குழாய் த்ரொட்டிலுக்கு முன்னால் உள்ள காற்றுக் குழாயில் செருகப்பட்டிருந்தது. டர்போ வந்ததும் அந்தக் குழாயிலேயே பூஸ்ட் வருகிறது. அதை அங்கே விட்டால் பூஸ்ட் நேரே எஞ்சினுக்குள் இறங்கும் என்பதால் கழற்றியது சரி. கழற்றிய பிறகு போல்ட் போட்டு அடைத்ததுதான் வினை. பூஸ்டில் வாயு வெளியேற இப்போது ஒரு வழியும் இல்லை.

போதாக்குறைக்கு, கம்பனி பி.சி.வி வால்வு பூஸ்டைத் தாங்கி மூடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. கொஞ்சம் தேய்ந்திருந்தால் அதன் வழியாகவும் மனிஃபோல்டின் பூஸ்ட் கீழே இறங்கும். பூஸ்டில் ஓடிய பிறகு எண்ணெய் குச்சி தானாக மேலே எழும்பியிருப்பதைக் கண்டிருக்கிறீர்களா? வால்வு கவர் கஸ்கட்டில் புதிய கசிவு உண்டா? இருந்தால் கிராங்க் கேஸ் அழுத்தத்தில் தவிக்கிறது.

ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். மருந்துக் கடையிலோ மீன் தொட்டிச் சாமான் கடையிலோ கிடைக்கும் ஒளி ஊடுருவும் மெல்லிய குழாய் மூன்று மீற்றர் வாங்குங்கள். ஒரு பலகையில் யூ வடிவில் வளைத்துக் கட்டி, பாதி வரை நிறத் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை எண்ணெய் குச்சியின் குழாயில் காற்றுப் போகாமல் செருகுங்கள். மறு முனை திறந்திருக்கட்டும். பலகை காருக்குள், பக்கத்தில் இருப்பவர் மடியில். நிலாவெளி வீதியில் வாகனம் குறைந்த நேரத்தில் ஓட்டுங்கள். அளவை அவர் பார்க்கட்டும், நீங்கள் வீதியைப் பாருங்கள். நின்ற நிலையில் தண்ணீர் சற்று எஞ்சின் பக்கம் இழுபட்டிருப்பது நல்லது. பூஸ்டில் இரு மட்டங்களுக்கும் இடையே ஐந்தாறு சென்றிமீற்றர் வேறுபாடு வந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 25 சென்றிமீற்றர், அதற்கு மேல் என்று தள்ளினால் அது பெரிய கோளாறு.

25 சென்றிமீற்றர் தண்ணீர் என்பது ஒரு பி.எஸ்.ஐயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான், ஒரு பி.எஸ்.ஐக்கு 70 சென்றிமீற்றர் வரும். அற்பம் என்று தோன்றும். டர்போவின் அடி வாய்க்கும் சம்ப்பின் எண்ணெய் மட்டத்துக்கும் இடையே உங்கள் காரில் ஒரு அடி உயரம் இருந்தால் அதிகம். எண்ணெய் தண்ணீரை விட இலேசானது என்பதால், குழாயில் நிற்கும் ஒரு அடி எண்ணெயின் முழு எடையையும் தாங்கி நிறுத்த அந்த 25 சென்றிமீற்றரே போதும். கீழே விழ வேண்டிய எண்ணெய் அந்தரத்தில் நிற்கிறது. மேலே பம்ப் இன்னும் ஊற்றிக்கொண்டிருக்கிறது.

உங்கள் வண்டியில் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். நின்ற நிலையில் பி.சி.வி வால்வு உறிஞ்சிக்கொண்டிருப்பதால் அப்போது கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறியிருக்க வாய்ப்பு குறைவு. எனவே சந்தியில் வரும் புகைக்குத் தொங்கும் ஹோஸைக் காரணமாகச் சொல்வேன். இன்டர்கூலரில் சேரும் எண்ணெய்க்கு, பூஸ்டில் மூச்சு முட்டும் கிராங்க் கேஸைக் காரணமாகச் சொல்வேன். ஒன்றை மட்டும் திருத்தினால் பாதிப் புகை மிஞ்சி, மறுபடியும் பழி டர்போவின் தலையில் விழும்.

திருத்தம் கடினமில்லை. போல்டை எடுத்துவிட்டு வால்வு கவரிலிருந்து அகலமான ஹோஸ் ஒன்றை எண்ணெய் பிடிக்கும் டப்பா ஒன்றுக்குக் கொண்டுபோங்கள். டப்பாவின் உள்ளே தடுப்புத் தகடோ இரும்பு நார்த் திணிப்போ இருக்க வேண்டும். வெறும் டப்பா எண்ணெய்ப் புகையைப் பிடிக்காது. டப்பாவின் மறுவாயை ஏர் ஃபில்டருக்கும் கம்ப்ரசருக்கும் இடையில் சேருங்கள். அங்கே எப்போதும் சற்று உறிஞ்சல் இருக்கும். அந்த ஃபில்டர் புழுதியால் அடைபட்டிருந்தால் உறிஞ்சல் அளவுக்கு மீறி, கம்ப்ரசர் பக்கத்து வளையத்தைத் தாண்டி எண்ணெயை இழுக்கும் என்பதால் அதையும் பாருங்கள். பி.சி.வி ஹோஸில் பூஸ்டைத் தாங்கும் ஒருவழி வால்வு ஒன்றை மனிஃபோல்டை நோக்கி மட்டும் திறக்கும்படி போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கிராங்க் கேஸ் அழுத்தம் குறையாவிட்டால் ரிங்குகள்தான். கம்ப்ரஷன் பார்த்தால் மட்டும் போதாது. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் சோதனையையும் கேளுங்கள். எண்ணெய் மூடியைத் திறந்து காதை வைத்தால் எந்தச் சிலிண்டர் சீறுகிறது என்று கேட்கும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் 92 ஒக்டேன் பெற்றோலில் ஓட்டுவதாக எழுதியிருப்பது. டி16இன் வார்ப்புப் பிஸ்டன்கள் டர்போவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 92இல், பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளாமல் பூஸ்ட் கொடுத்தால் பெற்றோல் கட்டுமீறி வெடித்துத் தட்டும் நொக்கிங் வரும், நொக்கிங் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மெல்லிய விளிம்பை உடைக்கும், உடைந்தால் வாயு கீழே இறங்கும், அழுத்தம் ஏறும், டர்போ புகைக்கும். இன்டேக்கில் சேரும் எண்ணெய் ஆவி நொக்கிங்கை இன்னும் எளிதாக்குகிறது. ஒன்று மற்றொன்றைத் தூண்டும் இந்தச் சுற்று எஞ்சினைக் கொன்றுவிடும். ஆகவே பழுது தீரும் வரை பூஸ்டில் மிதிக்காதீர்கள். தீர்ந்த பிறகும் 95 அடியுங்கள்.

உள்ளே வரும் குழாயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் கேஜ் சூட்டில், நின்ற நிலையில் 20, சுற்று ஏறினால் 60 பி.எஸ்.ஐ காட்டுவது புஷ் பேரிங் டர்போவுக்கு ஏற்றது. சிலர் உங்களுக்குச் சிறு துவாரமுள்ள கட்டுப்படுத்தி ஒன்றைப் போடச் சொல்வார்கள். ஒரு மில்லிமீற்றர் அளவுத் துவாரம், சிறு உருக்குக் குண்டுகளின் மேல் தண்டு சுழலும் ‘போல் பேரிங்’ (ball bearing) டர்போவுக்கு உரியது. அவற்றுக்கு உயர்ந்த சுற்றில் 40 முதல் 45 பி.எஸ்.ஐ போதும். புஷ் பேரிங் டர்போவில் அதைப் போட்டால் புகை குறையும், தண்டு கருகும். புகை நின்றதே என்று மகிழ்ந்திருக்கும்போது டர்போ செத்துக்கொண்டிருக்கும். இந்தக் குறுக்கு வழியைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். எண்ணெய் சுவிட்சருகில் ‘T’ வடிவ இணைப்புப் போட்டு எடுத்த குழாய், புளொக்கின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் சுற்றி வருகிறது அல்லவா? அது எக்ஸோஸ்டுக்கு அருகே போகும் இடத்தில் வெப்பம் தாங்கும் உறை போடுங்கள். இணைப்புகளில் டேப் சுற்றியிருந்தால் அகற்றுங்கள். அதன் நூல் ஒன்று போதும் டர்போவின் எண்ணெய்த் துளையை அடைக்க. சுபாரு வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு சொல்: உங்கள் டர்போவுக்குப் போகும் குழாயில், எண்ணெய் தன் உள்ளே பாயும்படி துளையுள்ள பான்ஜோ போல்டில் ஒரு சல்லடை உண்டு. எண்ணெய் மாற்றத் தாமதித்த வண்டிகளில் அது அடைபட்டு டர்போவைப் பட்டினி போடும்.

டி.டி.04இன் நடுப்பகுதியில் தண்ணீருக்கு இரண்டு வாய்கள் இருக்கும். அவற்றை இணைத்திருக்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை. இணைப்பது தொல்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் சூட்டைக் கொண்டுபோகும். நிறுத்திய பிறகுதான் ஆபத்து. டர்பைன் பக்கத்துச் சூடு தண்டு வழியாகப் பேரிங்குக்கு ஊறி, அங்கே நிற்கும் எண்ணெயைக் கரியாக்குகிறது. தண்ணீர் இணைத்திருந்தால், பம்ப் நின்ற பிறகும் சூட்டினால் தண்ணீர் தானாகச் சற்று நேரம் சுழன்று அதைத் தடுக்கும். ஆடி மாதத்து வெயிலில் ஹபரணையிலிருந்து கந்தளாய் வழியாக விரட்டி வந்து, தேநீர்க் கடை வாசலில் சட்டென்று சாவியைத் திருப்புவதுதான் டர்போவுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கொடுமை. கடைசி ஒன்றிரண்டு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டி, நின்ற பிறகு ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். எண்ணெய் 5டபிள்யூ-40 சிந்தெற்றிக் போதும். 5000 கிலோமீற்றர் வரை காத்திருக்காமல் முன்பே மாற்றுங்கள். மசகு எண்ணெய் கலக்கும் ஆலையே சீனக்குடாவில் இருக்கிற ஊர் இது. முத்திரை உடையாத நல்ல எண்ணெய் கிடைக்கவில்லை என்று நாம் சொல்ல முடியாது.

கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்தில் டர்போ டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். டீசலில் டர்போவிலிருந்து இன்டேக்குக்கு எண்ணெய் வழிந்தால், எஞ்சின் அந்த எண்ணெயையே எரித்துத் தானாக வேகம் பிடித்து ஓடலாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. கியர் வண்டியென்றால் உயர்ந்த கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தி, கிளட்ச்சை விட்டு எஞ்சினை அணையுங்கள். ஓட்டோ கியரென்றால் காற்று போகும் வழியை மரப்பலகை போன்ற உறுதியான ஒன்றால் மூட வேண்டும். கையால் மூடப் போகாதீர்கள். டீசலில் இன்டர்கூலரில் எண்ணெய் கண்டால் நாளைக்கு என்று விடக் கூடாது.

2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்தில், இருக்கிற காரையே மெருகேற்றி ஓட்டும் ஆசை நம் இளைஞர்களிடம் கூடியது. அதில் தவறு ஒன்றும் காணவில்லை. கையில் உள்ளதை வைத்து ஒன்றை உருவாக்குவது நல்ல கலை. ஆனால் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பழைய டர்போ ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்குகூட இந்தக் குழாய், டப்பா, ஒருவழி வால்வு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆகாது. அந்தச் சிறு பங்கை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் இரண்டு டர்போவுக்குச் செலவழித்திருக்கிறீர்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

திருத்திய பிறகு உடனே புகை நிற்காது. இன்டர்கூலரைக் கழற்றி மண்ணெண்ணெயால் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். சைலன்சரில் ஊறிய எண்ணெய் எரிந்து தீரக் கந்தளாய் வரை ஒரு தடவை போய் வரும் அளவு ஓட்டம் வேண்டும். அதற்குப் பிறகும் புகைத்தால் எனக்கு எழுதுங்கள். எழுதும்போது மனிஃபோல்டின் நான்கு வாய்களின் படம், திரும்பும் குழாய் சம்ப்பில் சேரும் இடத்தை எண்ணெய் மட்டக் குறியோடு காட்டும் படம், நின்ற நிலையிலும் பூஸ்டிலும் தண்ணீர்க் குழாய் காட்டிய அளவு ஆகியவற்றை அனுப்புங்கள். தண்ணீர் வாய்களை இணைத்திருக்கிறீர்களா என்பதையும் சொல்லுங்கள்.